இருவர் சம்மதத்தின் பேரில்

நான் வேலை செய்யும் ஜெர்மன் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாள் யாருக்கோ அவரேதான் கேக் கொண்டுவந்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். சேர்ந்த புதிதில் இது தெரியாமல், எனக்கு யாராவது வாங்கி வருவார்கள் என்று நாள் முழுக்கக் காத்திருந்து, வெறும் வயிற்றோடு வீடு திரும்பியிருக்கிறேன். அதனால் எங்கள் வார்டு நர்ஸ் பிர்கிட் ஒருநாள் பெரிய தட்டில் ஃப்ளவ்மன்கூகன், அதாவது பிளம்ஸ் பழம் வைத்துச் செய்த கேக்கைக் கொண்டுவந்தபோது பிறந்தநாள் என்றே நினைத்து வாழ்த்தப் போனேன். "பிறந்தநாள் இல்லை, நேற்று என் ஷைடுங் முடிந்தது" என்றாள். ஷைடுங் என்றால் விவாகரத்து. நோயாளி இறந்துபோனால் உறவினர்களிடம் சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்த "மைன் பைலைட்" என்ற ஒரே வார்த்தைதான் வாயில் வந்தது. அறையிலிருந்த எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிர்கிட் என் தோளைத் தட்டி இன்னொரு துண்டு வைத்தாள். கேக்கைச் செய்தது அவளுடைய முன்னாள் கணவராம். பேக்கரி வைத்திருக்கிறாராம். கேக்குக்கு அவரை விட்டால் ஆளில்லை என்றாள்.

என்னுடைய வழக்கும் அப்போது புதுச்சேரி குடும்ப நீதிமன்றத்தில் இருந்தது. அதை வார்டில் யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. இரண்டாவது துண்டைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

எனக்குச் சொந்த ஊர் வில்லியனூர். பாகூர் பக்கத்தில் குருவிநத்தத்தில் என்னைக் கொடுத்தார்கள். கணவர் இளங்கோ ஆற்றோரத்து நிலத்தில் கரும்பும் நெல்லும் வைப்பவர். நான் பாண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஜெர்மனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் பாஷை படிக்கப் போனேன். பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்யும்போது அவர் எதிரில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்ப்பார். உச்சரிப்பு இரண்டு பேருக்கும் தெரியாது, தப்புத் தப்பாகச் சொல்லிச் சிரிப்போம். அப்படிச் சிரித்துக்கொண்டேதான் முடிவெடுத்தோம். நான் முதலில் போவது, அவர் பின்னால் வருவது.

அவர் வரவும் வந்தார். ஒரு குளிர்காலம் இருந்தார். அங்கே சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். நான் வேலையிலிருந்து வரும்போது ஜன்னலோரத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். டீ குடித்த டம்ளர் பக்கத்தில் காய்ந்து கிடக்கும். வெளியே போகலாம் என்றால் "இந்தக் குளுருல எங்க போறது" என்பார். கரும்பு வெட்டு நெருங்குகிறது, அண்ணன் தனியாக அல்லாடுகிறார் என்று சொல்லி ஊருக்குப் போனவர் பிறகு வரவில்லை. வருடங்கள் போயின. போனில் பேசுவதற்கு மழையும் அறுவடையும் மட்டும் மிஞ்சின. ஒருநாள் அவர்தான் சொன்னார்: "நீ அங்க, நான் இங்க. பேருக்கு எதுக்கு இழுத்துக்கினு இருக்கணும்?" நான் யோசித்துப் பார்த்துவிட்டு சரி என்றேன். சண்டை இல்லை, பிள்ளை இல்லை, பிரிக்கச் சொத்தும் இல்லை. இவ்வளவு சுலபமான கேஸ் தன்னிடம் வந்ததே இல்லை என்று எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த வக்கீல் அம்மா சொன்னார்.

மனமொத்த விவாகரத்தில் இரண்டு முறை கோர்ட்டுக்குப் போக வேண்டும். முதல் முறை மனு கொடுப்பது. மனம் மாறுகிறதா என்று பார்க்க ஆறு மாதம் விடுவார்கள். பிறகு இரண்டு பேரும் மறுபடி வந்து நீதிபதி முன்னால் சம்மதம் என்று சொன்னால் முடிந்தது. முதல் முறை போய்விட்டு வந்தபோது நான் நிம்மதியாகவே இருந்தேன். விமானத்தில் நன்றாகத் தூங்கினேன்.

இரண்டாவது முறைக்கு வந்து வில்லியனூரில் என் அண்ணன் வீட்டில் தங்கினேன். கோர்ட்டுக்கு முதல்நாள், குருவிநத்தத்தில் கிடந்த என் தையல் மெஷினை எடுத்துவந்து அண்ணிக்குக் கொடுக்கலாம் என்று இளங்கோவிடம் போனில் சொல்லிவிட்டு அண்ணனின் லோடு ஆட்டோவில் போனேன். அந்த வீட்டுக்கு வர அண்ணனுக்குச் சங்கடம். டீக்கடையிலேயே நின்றுகொண்டார். நான் மட்டும் நடந்து போனேன்.

வாசலில் ஒரு மொபட் நின்றது. பின்னால் மீன் கூடை கட்டும் கயிறு தொங்கியது. அடுத்த வீட்டில் இருக்கும் இளங்கோவின் அண்ணனுக்கும் அவருக்கும் பொதுவாக இருந்த முற்றத்தின் நடுவில் புதிதாக ஒரு சுவர் எழுந்திருந்தது. பூச்சுகூட இன்னும் முடியவில்லை. உள்ளே கேஸ் அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. நான் வாழ்ந்த காலத்தில் அந்த வீட்டில் மீன் என்றால் பின்புறம் விறகடுப்பில்தான். வீட்டுக்குள் வாடை வரக்கூடாது என்பது அவர் அண்ணன் போட்ட சட்டம். மழையில் குடை பிடித்துக்கொண்டு நான் மீன் வறுத்திருக்கிறேன். "அண்ணன் மனசு கஷ்டப்படும், வுடு" என்பார் இளங்கோ.

அடுப்படியிலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிட ஓரிரு வயது குறைவாக இருக்கும். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"வாங்கக்கா. அவரு மோட்டார் கொட்டாய்க்குப் போயிருக்காரு. மெஷினுக்குத்தான வந்தீங்க? தொடச்சி வச்சிருக்கேன். ஊசி ஒடஞ்சிருந்திச்சி, அதையும் மாத்திட்டேன்."

என் மெஷினை இவள் மிதித்திருக்கிறாள் என்பதுதான் முதலில் உறைத்தது. அவள் யார் என்பதே அதற்குப் பிறகுதான் புரிந்தது.

பெயர் கலா. மணப்பட்டுக்காரி. புருஷன் இறந்து சில வருடம் ஆகிறதாம். மொபட்டில் ஊர் ஊராக மீன் கொண்டுபோய் விற்கிறாள். எல்லாவற்றையும் கேட்காமலே சொன்னாள். "இன்னும் வூட்டோட வந்துடலக்கா. பொழுது சாய்றதுக்குள்ள ஊருக்குப் போயிடுவேன். நீங்க ரெண்டு பேரும் முடிச்சப்பறந்தான்னு சொல்லிட்டேன்."

"இந்தச் சுவரு?" என்று கேட்டேன்.

"மீன்காரிய உள்ள சேக்கக்கூடாதுன்னு அவங்க அண்ணன் சொன்னாரு. இவரு கேக்கல. அண்ணந்தம்பி பேச்சே நின்னு போச்சி. எனக்கு அதுதான் கஷ்டமா இருக்கு."

அண்ணனுக்காகக் கண்டம் தாண்டி ஊருக்கே திரும்பிப்போன மனிதர், இவளுக்காக அண்ணனோடு பேச்சை விட்டிருக்கிறார். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. அவளுடைய கால் கொலுசு, அஞ்சறைப் பெட்டியை அவள் இடம் மாற்றி வைத்திருந்தது, கதவுக்குப் பின்னால் தொங்கிய அவளுடைய துண்டு என்று ஒவ்வொன்றாகக் கண் தேடித் தேடிப் பார்த்தது. நானே வேண்டாம் என்று கையெழுத்துப் போட்ட வீடுதான் அது.

மெஷினைத் தூக்க ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே கலா சொன்னாள்: "அக்கா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே. நீங்க வாங்கிக் குடுத்த கம்பளிக் குல்லா ஒண்ணு வச்சிருக்காரு. மார்கழியில போட்டா சரி. சித்திரையிலகூடக் காலையில தண்ணி பாய்ச்சப் போறப்ப அதத்தான் மாட்டிக்கினு போறாரு. ஒருவாட்டி ஒளிச்சி வச்சேன். அன்னிக்குப் பூரா மூஞ்சி குடுத்துப் பேசல. எனக்கு அழுகையே வந்திடிச்சி. அதுல இன்னாதாங்கா இருக்கு?"

"தெரியலையே" என்றேன். அந்த நிமிடம் என் வயிறு குளிர்ந்தது. அவள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகு பிர்கிட்டிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அந்தப் பெண் மேல் எனக்குப் பொறாமை என்று சொல்வதற்கு "நைடிஷ்" என்ற சொல்லைப் போட்டேன். அவளுக்குப் புரியவில்லை. "உனக்கு மீன் விற்க ஆசையா?" என்று கேட்டாள். பிறகு நிதானமாக விளக்கினாள். இன்னொருத்தியிடம் இருப்பது நமக்கு இல்லையே என்றால் அது நைடிஷ். நம்முடையது இன்னொருத்திக்குப் போய்விடுமோ என்றால் அதற்கு வேறு சொல், ஐஃபர்ஸூக்டிஷ். "உனக்கு எது?" என்றாள். தமிழில் இரண்டுக்கும் பொறாமை என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் எப்படிச் சமாளித்தோம் என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்றேன். ஒரு பெண் மேல் ஒரே நேரத்தில் இரண்டு விதமாகவும் பொறாமைப்பட முடியாது என்று அவள் சாதித்தாள். அவள் குருவிநத்தம் வீட்டு அடுப்படியில் நின்றிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள்.

மெஷினை எடுத்துவந்த மறுநாள் கோர்ட்டில் எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். நீதிபதி ஒரு பெண்மணி. முதலில் இளங்கோவைக் கேட்டார். "சம்மதங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. அடுத்து என்னைக் கேட்டார். சொல்ல வேண்டியது ஒரு சொல்தான். கடைசி நிமிடத்தில்கூடச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று வக்கீல் அம்மா முன்பே சொல்லியிருந்தார். நான் வேண்டாம் என்றால் கலா பொழுது சாய்வதற்குள் மணப்பட்டுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். அந்த எண்ணம் எனக்கு இனித்தது.

"நான் கொஞ்சம் யோசிக்கணும்மா" என்றேன்.

வக்கீல் அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மதியத்துக்கு மேல் மறுபடி கூப்பிடச் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். இளங்கோ வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"இன்னா வேணும் ஒனக்கு?" என்று கேட்டார். கோபமே இல்லை குரலில்.

"அண்ணன் மனசு கஷ்டப்படும்னு எத்தினி வாட்டி சொல்லியிருப்பீங்க எங்கிட்ட? இப்ப அவளுக்காகச் சுவரு எழுப்பியிருக்கீங்க. எனக்காக ஒரு குளிரத் தாங்க முடியல."

கீழே கிடந்த வேப்பங்குச்சி ஒன்றை எடுத்துச் சின்னச் சின்னதாக ஒடித்தார்.

"குளுரு இல்ல" என்றார். "நீ அந்தப் பொம்பளைங்களோட அந்தப் பாஷையில சிரிச்சிப் பேசுவ பாரு, அப்ப வயிறு எரியும் எனக்கு. நான் எதிர்ல குந்திக்கினு புக்கப் பாத்துச் சொல்லிக்குடுத்த பாஷை. அதுல எனக்கு ரொட்டி வாங்கக்கூட வாயி வரல. நீ வெளிய போனா திரும்பி வர்ற வரைக்கும், அங்க இன்னா பேசினியோ, யாரோட பேசினியோன்னு அதே நெனப்பு. கேவலமா இருந்திச்சி. ஒன்னைத் திட்ட ஆரம்பிச்சிடுவேன்னு பயந்துதான் கரும்பு வெட்டுன்னு சொல்லிக் கெளம்பினேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"இத எப்பிடிச் சொல்றது."

அவரைப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. நான் எந்த ஊரில் ஒட்டாமல் தவித்துக்கொண்டிருந்தேனோ, அங்கே நான் ஒட்டிவிட்டேன் என்று நினைத்து இந்த மனிதர் எரிந்திருக்கிறார். இப்போது அவர் ஒரு வீட்டில் ஒட்டிவிட்டார் என்று நான் எரிகிறேன். அவர் சொன்னதைக் கேட்டதும் கலாவின் மேலிருந்த எரிச்சல் போய்விட்டது என்று எழுதினால் பொய். போகவில்லை. ஆனால் இந்த எரிச்சலோடு அவரைக் கட்டிப்போட்டு வைத்தால், ஜன்னலோரத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்த மாதிரி நான் ஒவ்வொரு சாயங்காலமும் உட்கார்ந்திருப்பேன் என்று தோன்றியது.

"சாப்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எதிரிலிருந்த கடையிலிருந்து இரண்டு பொட்டலம் தயிர்சாதம் வாங்கி வந்தார். எனக்கு ஊறுகாய் பிடிக்காது என்பதை மறக்காமல் தனியாக எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டார். மதியத்துக்கு மேல் கூப்பிட்டபோது நீதிபதி கேட்டு முடிப்பதற்குள் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

வெளியே வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்யப் போனேன். "எதுக்கு அவர அலைய வுடுற. நானே வில்லியனூர்ல எறக்கி வுடறேன், வா" என்றார் இளங்கோ. பைக்கில் பின்னால் ஏறியவளுக்கு வலது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வழக்கமாக அவர் தோளில் இருக்கும் கை. பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கோர்ட்டு வாசலிலிருந்து வில்லியனூருக்கு ஒரு பக்கம் திரும்ப வேண்டும், பாகூருக்கு நேர் எதிர்ப்பக்கம். வண்டி தன் பழக்கத்தில் பாகூர் பக்கமே திரும்பியது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. கடைகளும் பஸ் நிறுத்தங்களும் ஒவ்வொன்றாகக் கடந்தன. எல்லாம் நான் வீட்டுக்குப் போகும் வழியில் வருபவை. அரியாங்குப்பம் பாலத்தில் ஏறிக் காற்று முகத்தில் அடித்தபோதுதான் அவருக்கு உறைத்தது. ஓரமாக நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டார்.

"சொல்லக்கூடாதா?" என்றார், திரும்பாமலே.

"நீங்கதான ஓட்டுறீங்க" என்றேன்.

இரண்டு பக்கமும் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. இடைவெளி கிடைக்கும் வரை காத்திருந்தோம். கிடைத்ததும் அவர் வண்டியைத் திருப்பிவிட்டார். என் கழுத்துதான் கொஞ்ச தூரத்துக்குப் பாகூர் பக்கமிருந்து திரும்பவில்லை.