மாப்பிள்ளை தவறவிட்ட கொடுவா

மனைவி வீட்டில் எனக்கு மரியாதை அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது. இதை ஒரு குறையாகச் சொன்னால் எவரும் நம்புவதில்லை. மாமனார் வீட்டில் மரியாதை காணாது என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிகிற மாப்பிள்ளைகளைத்தான் யாழ்ப்பாணத்தில் எங்கும் காணலாம். கூடிப்போன மரியாதையால் நொந்து நூலாய்ப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் தெல்லிப்பழைப் பக்கத்தவன். வெங்காயம், புகையிலை, மாடு என்று வளர்ந்து, பிறகு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கப் போனவன். மனைவி கொழும்புத்துறைக்காரி. அவளுடைய வீட்டுப் படலையில் நின்றால் கடல் தெரியும். மாமா வள்ளமும் வலையுமாகப் பிழைப்பவர். அவருடைய தகப்பனும் அப்படித்தான். நானும் அவளும் கம்பஸில் படிக்கும்போது விரும்பினோம். கல்யாணம் என்று வந்ததும் எங்கள் பக்கத்தில் பலருக்கு அது தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. வந்தவர்களைவிட வராதவர்கள்தான் கூடுதல். அவளுடைய வீட்டார் அதற்குக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது. மாப்பிள்ளையின் ஆட்கள் நாளைக்கு ஒரு சொல் சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று முடிவெடுத்து, என்னை விருந்தாளியாக்கினார்கள். பிள்ளைகள் இரண்டு பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் நான் விருந்தாளிதான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிய நாங்கள் அங்கே போவோம். நான் படலையைத் திறந்த உடனே வீட்டில் எல்லோருக்கும் குரல் இறங்கிவிடும். வெறும் மேலோடு இருந்த மாமா சேட்டைத் தேடி எடுத்துப் போடுவார். காற்றாடி என் பக்கம் திரும்பும். சாப்பாட்டில் முதல் சோற்றுக் கோப்பை எனக்கு. மீனின் நடுத்துண்டம் எனக்கு. அதிலும் மாமி முள்ளை எல்லாம் விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டுத்தான் வைப்பா. வெங்காயத் தோட்டத்துக்குள் பிறந்தவனுக்கு முள் எமன் என்று அவவுக்கு ஒரு எண்ணம். என் சின்ன மகள் முள்ளோடு தின்பாள். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, கைக்குழந்தைக்குப் பிசைந்து வைத்தது போன்ற மீனைத் தின்பேன்.

எனக்கு ஒரு சகலன் இருக்கிறான், மனைவியின் தங்கையைக் கட்டியவன். அதே ஊர், அதே கோயில். லொறி ஓட்டுகிறான். அவனுக்கு அந்த வீட்டில் நடக்கும் உபசாரத்தைப் பார்த்துத்தான் என் வயிறு எரியும். அவன் இரண்டாம் தரம் சோற்றுக்குக் கை நீட்டினால் மாமா கேட்பார்:

"உனக்கு உது வயிறோ, மீன் பெட்டியோ?"

அவன் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "பொம்பிளை தந்த நேரம் அளந்து பாத்திருக்கலாமே மாமா" என்பான். மாமி அகப்பையால் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இன்னும் ஒரு அகப்பை போடுவா. நான் கை நீட்டினால் அந்த இடம் பூசை நேரத்துக் கோயில் மாதிரி ஆகிவிடும். "எடுங்கோ மாப்பிளை, உங்களுக்குத்தானே."

ஒருநாள் வீட்டுக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளில் இருந்தபடி மனைவியிடம் இதைச் சொல்லி முறையிட்டேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் இருந்து சிரித்தாள்.

"இஞ்சாருங்கோ, சனம் மரியாதைக்கு அலையுது. நீங்கள் பேச்சு வாங்க அலையிறியள். உங்களுக்கென்ன விசரோ?"

விசர்தான். எனக்கு அந்த வீட்டில் ஒரு பேச்சு வாங்க வேண்டும் போல இருந்தது. அந்தச் சிரிப்புக்குள்ளே நானும் இருக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

யோசித்துப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. அந்த வீட்டில் ஒரு ஆம்பிளையை ஆளாக மதிப்பது, அவன் குசினிக்குள் மீனைக் கொண்டுபோய்ப் போட்ட பிறகுதான். சகலன்கூட லொறி ஓட்டம் இல்லாத நாட்களில் மாமாவோடு வள்ளத்தில் போவான். என்னை ஏற்ற மாட்டார்கள். "வெயில் மாப்பிளை, உங்களுக்குத் தலை சுத்தும்." ஆகவே நான் தூண்டிலைப் பிடித்தேன். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த சிநேகிதன் ஒருவன் றீல் பூட்டிய நல்ல தடி ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தான். ஞாயிறு பின்னேரங்களில் அதைக் கொண்டுபோய் இறங்குதுறையில் நிற்கத் தொடங்கினேன்.

வலை போடுகிறவர்களுக்குத் தூண்டில் ஒரு தொழிலே இல்லை. ஒற்றை மிளகாய்க் கன்றுக்குக் கரண்டியால் தண்ணீர் ஊற்றிவிட்டு, தோட்டம் செய்கிறேன் என்று ஒருவன் சொன்னால் என் தகப்பன் எப்படிப் பார்ப்பாரோ, அப்படித்தான் மாமா என் தடியைப் பார்த்தார். ஆனால் வாயால் சொன்னது, "நல்ல சாமான் மாப்பிளை."

எனக்குப் பிடிபட்டதெல்லாம் கிளக்கன். சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் பெரியது. அதை மாமி இரண்டு கையாலும் வாங்கி, "என்ன வடிவான மீன்!" என்று சொல்லி, தனியாக ஒரு சின்னத் தாச்சியில் பொரித்து எனக்கே வைப்பா. இதே மாமி, சகலன் ஒருநாள் கொண்டுவந்த பழுதான மீனைக் கொல்லைக்குள் எறிந்துவிட்டு, அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசியவ. என் கிளக்கனை எறிய அவவுக்கு மனம் வரவில்லை. பூனை என் காலடியில் இருந்து அண்ணாந்து பார்க்கும். அது யாருக்கு உரிய மீன் என்று அதற்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழைக்காலம் முடிந்து கடல் தெளிந்திருந்தது. ஞாயிறு என்றபடியால் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. சாப்பிட்டுப் படுத்தெழும்பிய ஆம்பிளைகள் எல்லாம் இறங்குதுறையில் காற்று வாங்கிக்கொண்டு இருந்தார்கள். மாமா கவிழ்த்த மீன் பெட்டி ஒன்றின் மேல் இருந்தார். சகலன் பக்கத்தில் கச்சான் கொறித்துக்கொண்டு நின்றான். நான் உயிர் இறாலைக் கொழுவி எறிந்துவிட்டு, வழக்கம்போல ஒரு கிளக்கனுக்காகக் காத்திருந்தேன்.

தடி வளைந்தது. பாறையில் சிக்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பாறை ஓடத் தொடங்கியது. றீல் கத்திக்கொண்டு கழன்றது. அப்போது அந்த மீன் தண்ணீரை உடைத்துக்கொண்டு மேலே எழும்பித் தலையை உதறியது. வெள்ளி உடம்பு, அகன்ற வாய். நான் எவ்வளவு நீளம் என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. தூண்டில்காரன் சொல்கிற நீளத்தை நானே நம்புவதில்லை. ஆகவே விடுகிறேன்.

"கொடுவா!" என்று மாமா பெட்டியை விட்டு எழும்பிக் கத்தினார். அவர் எனக்கு முன்னால் சத்தம் போட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். "இளக்குங்கோ மாப்பிளை! ஓட விடுங்கோ! பிறகு சுத்துங்கோ!" உயிர் போகிற அவசரத்திலும் மரியாதைக்குப் போடுகிற 'ங்கோ' போகவில்லை.

ஓட விட்டேன். சுற்றினேன். திரும்பவும் ஓடியது. இறங்குதுறையில் நின்ற சனம் முழுக்க என்னைச் சுற்றி நின்றது. என் மனம் மீனோடு இல்லை. அது மாமி வீட்டுக் குசினியில் நின்றது. இதை நிலத்தில் போட்டால் மாமி என்ன சொல்லுவா, மாமா எப்படிப் பார்ப்பார், இனி என்னையும் ஒருவன் என்று கணக்கெடுப்பார்களா என்றெல்லாம் ஓடியது. மீன் மூன்றாம் முறை ஓடியபோது றீலின் அடி தெரியத் தொடங்கியது. தங்கூசி நூல் முடியப் போகிறது.

இந்த இடத்தில் என் கணக்குப் படிப்பு உதவிக்கு வரவில்லை. வந்தது தெல்லிப்பழைக் கை. எங்களூரில் நாம்பன் மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடினால் அதோடு கைச்சண்டை பிடிக்கக் கூடாது. பக்கத்தில் என்ன மரம் நிற்கிறதோ அதில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். நாம்பன் தானே இழுத்துக் களைத்து அடங்கும். சின்ன வயதில் கை பழகிய பழக்கம். எனக்குப் பின்னால் வள்ளம் கட்டுகிற கட்டை ஒன்று இருந்தது. தடியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, பிள்ளையாரைச் சுற்றுவது போல அந்தக் கட்டையை நிதானமாக இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, பின்னுக்குச் சாய்ந்து நின்றேன்.

"ஐயோ மாப்பிளை, என்ன செய்..."

நூல் ஒருதரம் விண்ணென்று பாடியது. பிறகு அறுந்தது. நான் சாய்ந்தபடியே பின்னால் போய் விழுந்தேன். தூரத்தில் தண்ணீர் ஒருமுறை சுழித்துவிட்டு அடங்கியது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பெரிய அநியாயம். மாமா என்னைக் கைகொடுத்துத் தூக்கி, காற்சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, "பரவாயில்லை மாப்பிளை. நூல் பழசு" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் செத்தவீட்டு முகத்தோடு தலையை ஆட்டினார்கள். சகலன் மட்டும் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றான். அவனுடைய தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

வீட்டுக்குப் போக முன்னமே செய்தி போய்விட்டது. மாமி நோயாளிக்குக் கொடுப்பது போல ஒரு சீனித் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. "கவலைப்படாதேங்கோ. கொடுவா அப்பிடியொண்டும் ருசியில்லை." கொடுவாவுக்காக ஊர்ச் சந்தையில் சண்டை பிடிக்கிற மனுசி சொன்ன வார்த்தை இது. மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு குசினிக்குள் போனாள். உள்ளே எதுவோ விழுந்து உருண்டது. அடக்கிய சிரிப்பு ஒன்று மூக்கால் வந்தது. நான் எழும்பி வாசலில் போய் நின்றதும் எல்லாம் சத்தமில்லாமல் போனது. மாமியும் மனைவியும் வெங்காயத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் சிரிப்பதற்கு நான் போகும்வரை காத்திருக்கிறார்கள். தங்கள் சொந்த வீட்டில், வாயை மூடிக்கொண்டு. இன்றைக்கு மட்டும் இல்லை, இத்தனை வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் நான் படலையைச் சாத்திய பிறகுதான் இந்த வீட்டுக்கு மூச்சு வந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது.

"ஒரு மனிசன் மீனைக் கொண்டுபோய்க் கட்டையிலை கட்டினவன்!" என்று கத்தினேன். "ஊர் முழுக்கப் பாத்தது. இந்த வீட்டிலை ஒருத்தருக்கும் அதைப் பற்றிக் கேக்க ஒண்டும் இல்லையோ? நான் என்ன, பிஷப்போ?"

மாமா என்னைப் பார்த்தார். போட்டிருந்த சேட்டைக் கழற்றித் தோளில் போட்டார். பிறகு மெத்தப் பணிவாக, கோயில் ஐயாவிடம் சந்தேகம் கேட்பவர் மாதிரிக் கேட்டார்:

"தம்பி, கோவிக்காதை, அறியிறதுக்குத்தான் கேக்கிறன். கட்டிப்போட்டு அதுக்கு வைக்கல் போடவோ யோசிச்சனி?"

சகலன் சிரிப்புத் தாங்காமல் நிலத்தில் குந்திவிட்டான். மாமி குசினிக்குள்ளிருந்து, "இல்லையப்பா, கண்டுக்குட்டியை விட்டுப் பால் கறக்க" என்று கத்தினா. என் மனைவி, நான் தாலி கட்டிய மனைவி, சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். மணி கட்ட மறந்ததால்தான் மீன் தொலைந்தது என்றான் சகலன். மாமாவுக்கு அதற்கு மேல் ஏலவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்தார். நானும் சிரித்தேன். முதலில் அவர்களுக்காகச் சிரித்தேன். பிறகு நிறுத்த முடியாமல் சிரித்தேன். அன்றிரவுச் சாப்பாட்டில் மாமி எனக்கு வைத்த மீனில் முள் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை கைபேசி அடித்தது. மாமா. அவர் எனக்கு நேரே எடுப்பதில்லை. எதுவென்றாலும் மனைவி மூலம்தான் வரும். யாருக்கோ சுகமில்லை என்று பயந்துகொண்டு எடுத்தேன்.

"எங்கை நிக்கிறாய்?"

"வீட்டிலை மாமா. டியூசனுக்கு வெளிக்கிடுறன்."

"அதை விடு. வள்ளத்தைக் கரையிலை ஏத்தோணும், அடி பழுது பாக்க. இழுக்க ஆள் காணாது. கெதியா வா."

வகுப்பு இல்லை என்று பெடியளுக்கு ஒரு செய்தியைத் தட்டிவிட்டு, செருப்பையும் தேடாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். கரையில் ஒரு கூட்டம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்னைக் கடைசியில் விட்டார்கள். இரண்டாம் இழுப்பில் சேற்றில் கால் வழுக்கி, கயிற்றையும் விட்டுவிட்டுத் தொப்பென்று இருந்தேன். வள்ளம் ஒரு முழம் பின்னால் சறுக்கியது.

"கண்ணை எங்கை வைச்சிருக்கிறாய்?" மாமாவின் குரல் கரை முழுக்கக் கேட்டது. "அங்கை என்ன இருப்பு? எழும்படா!"

நண்டு வாங்க வந்து காத்துக்கொண்டிருந்த வெளியூர் வியாபாரி ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாமாவிடம் கேட்டார்: "ஆர் அண்ணை உவர்? புது ஆளோ?"

மாமா நெற்றி வியர்வையை வழித்து எறிந்தார்.

"புதுசோ? உவன் எங்கடை பெடியன். இத்தினை வருசமா இஞ்சைதான் நிக்கிறான், இன்னும் ஒரு கயிறு பிடிக்கத் தெரியாது."

எனக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. சேற்றிலிருந்து எழும்பிக் கயிற்றைப் பிடித்தேன். என் கண் கலங்கியிருந்ததைச் சகலன் கண்டுவிட்டான். அதற்கும் அவன் ஏதோ சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.