ஒரு மாத்திரை குறைவு

அச்சகத்தில் அவருக்கு ஒற்று என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறவர். கல்யாண வரவேற்புப் பத்திரிகையில் ஒரு ‘ப்’ விட்டுப்போனால் அந்தத் தம்பதி எப்படி நிம்மதியாக வாழ்வார்கள் என்று உண்மையிலேயே கவலைப்படுகிற மனிதர்.

மெஷின் அறைக்கும் பைண்டிங் அறைக்கும் நடுவே, ஒரு ஜன்னலும் ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் கொண்ட ராஜ்யம் அவருடையது. அங்கே அவர் எந்தப் பக்கத்தையும் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கித்தான் படிப்பார். அப்படிப் படித்தால் பொருள் மண்டையில் ஏறாது. பொருள் ஏறினால் எழுத்து கண்ணில் படாது. அவர் திருத்திய புத்தகங்கள் எண்ணூறைத் தாண்டும். அவற்றில் ஏதாவது ஒன்று எதைப் பற்றியது என்று கேட்டால், “அதுல நானூத்திப் பன்னெண்டு சந்திப்பிழை சார்” என்பார். அதற்கு மேல் தெரியாது. அந்த அறியாமையைத் தொழில் திறமை என்றே ஊர் மதித்தது.

சென்ற ஆண்டு முதல் அந்தத் திறமையில் ஓட்டை விழுந்தது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தம் வாழ்க்கை வரலாற்றில் முப்பது ஆண்டுகள் ‘பனியாற்றினார்’. பல் மருத்துவர் ஒருவரின் துண்டறிக்கை, ‘வழியில்லாமல் பல் பிடுங்கப்படும்’ என்று உறுதியளித்தது. மூன்றாவது பிழையை இங்கே எழுத முடியாது. குடும்பத்தோடு படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

“ஒற்று சார், பிழை பாக்கறதுக்கு இப்ப சாஃப்ட்வேர் வந்திருக்கு. அது டீகூடக் கேக்காது.”

“அதுக்கு ஒற்று மிகுமா மிகாதான்னு தெரியுமா முதலாளி?”

“உங்களுக்கே இப்பத் தெரிய மாட்டேங்குதே. அடுத்து ஒரு மருந்துக் கம்பெனி வேலை வருது, பதினாறு பக்கம். ஒரு பிழை இல்லாம போச்சுன்னா உங்க நாற்காலி உங்களுக்கு. ஒண்ணு இருந்தாலும் மடிப்பு மேசைக்குப் போயிடுங்க. நானும் எத்தனை பல் டாக்டர்கிட்டதான் திட்டு வாங்கறது?”

விதி கொஞ்சம் குறும்புக்காரி. வந்த வேலை, அறிவை வளர்க்கும் மாத்திரைக்கான விளம்பரக் கையேடு. கம்பெனியின் விற்பனை அதிகாரி முதலாளிக்கு ஒரு டப்பாவும் ஒற்றுவுக்கு ஒரு டப்பாவும் மாதிரிக்குக் கொடுத்தார். தாமே மூன்று மாதமாகச் சாப்பிடுவதாகவும், முன்பு தாம் எப்படி இருந்தோம் என்பதே இப்போது ஞாபகம் இல்லை என்றும் சொன்னார்.

ஒற்று டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி மருந்துக்கடையில் பதினைந்து வருடமாக மருந்து எடுத்துக் கொடுப்பவர். டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார்.

“காபியில இருக்கற சரக்கு, கொஞ்சம் சக்கரை, ஒரு வைட்டமின். இதுக்கு ரெண்டு டம்ளர் காபி குடிக்கலாமேங்க.”

“காபியால அறிவு வளருதுன்னு யாரும் கையேடு போடலையே.”

“இதைப் போட்டு அறிவு வளர்ந்துச்சுன்னு எங்க கடையில யாரும் இதுவரைக்கும் திரும்பி வந்து சொல்லல.”

“அறிவு வந்தவன் எதுக்கு மறுபடி கடைக்கு வரான்?” என்று கேட்டுவிட்டு, காலை ஒன்று மாலை ஒன்று என்று எழுதியிருந்ததை, நாற்காலியை நினைத்து, இரண்டிரண்டாகப் போட்டுக்கொண்டார்.

பலன் தெரிந்தது. நான்காம் நாள் கையேட்டின் மெய்ப்பு வந்தபோது அவருக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு. இருபத்தாறு ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு பிரதியை மேலிருந்து கீழே படித்தார். புரிந்தது. புரிவது இவ்வளவு ருசியான காரியம் என்று இத்தனை நாள் யாரும் அவரிடம் சொல்லவில்லை. சிவப்புப் பேனா ஓரங்களில் ஓடியது. ‘எண்பது சதவீதம் பேருக்குப் பலன் என்றால், எத்தனை பேரில்?’ ‘நான்காம் பக்கத்தில் நினைவாற்றல், ஒன்பதாம் பக்கத்தில் அறிவு. இரண்டும் ஒன்றா?’ ‘மாத்திரை சாப்பிடாமல் காபி மட்டும் குடித்தவர்களைச் சோதித்தீர்களா?’

முதலாளி அத்தனையையும் அடித்தார். “சார், நீங்க எழுத்தைப் பாருங்க. விஷயத்தை அவங்க பாத்துப்பாங்க.”

வீட்டிலும் நிலைமை இதுதான். “முன்னெல்லாம் நான் பேசினா ‘ம்’ போடுவீங்க. இப்ப ‘அதுக்கு என்ன ஆதாரம்’ங்கறீங்க. அந்தப் பழைய ஆளே தேவலாம்” என்றார் மனைவி.

கையேட்டின் அட்டைக்கு முதலாளி கையெழுத்திட்டார், விற்பனை அதிகாரி கையெழுத்திட்டார், கம்பெனியின் பெரிய டாக்டர் உட்பட இன்னும் நால்வர் கையெழுத்திட்டார்கள். ஏழாவதாக ஒற்று கையெழுத்திட்டார். ஐயாயிரம் அட்டை அச்சாகி மடிப்பு மேசைக்கு வந்தது.

மடிப்பு மேசையில் மடிப்பக்கா இருந்தார். ஒற்றுவைவிட ஆறு வயது மூத்தவர். எட்டு மாதமாக மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்கிறவர். கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் உதடசைத்துப் படிப்பார்.

“சார், ஒரே மாசத்துல உங்கள் மு... ளை... முளை கூர்மையாகும்னு போட்டிருக்கே. மாடு கட்டற முளையா?”

“மூளைக்கா அது. மூளை.”

“மூன்னா கடைசியில ஒரு சுழி வரணும்னு டீச்சரம்மா சொன்னாங்களே. இதுல சுழியைக் காணோமே.”

ஒற்று சிரித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தார். மூளை என்றுதான் இருந்தது. மறுபடி பார்த்தார். மூளைதான். பிறகு கட்டைவிரலால் ‘ளை’யை மறைத்துக்கொண்டு முதல் எழுத்தை மட்டும் பார்த்தார். கட்டைவிரல் அகலத்துக்கு, சிவப்பு மையில், சுழியில்லாமல் ஒரு ‘மு’ அவரைப் பார்த்தது. அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

“அக்கா, இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“யார்கிட்ட சொல்ல? எல்லாரும் படிச்சவங்க.”

சாயங்காலம் வண்டி வந்துவிடும். ஏழு பேர் பார்த்தாயிற்று. இனி ஐயாயிரம் பேர் பார்த்தாலும் மூளை என்றே படிப்பார்கள். வாயை மூடிக்கொண்டால் நாற்காலி அவருடையது. ஒற்று போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்த்தார். ஒரு டீ குடித்தார். பாதியில் வைத்தார். அட்டையை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனார்.

“முதலாளி, ஒரு மாத்திரை குறைஞ்சுபோச்சு.”

“என் டப்பாவுல நிறைய இருக்கு, எடுத்துக்குங்க.”

“அந்த மாத்திரை இல்ல. இலக்கண மாத்திரை. நெடிலுக்கு ரெண்டு, குறிலுக்கு ஒண்ணு. மூவன்னா இருக்க வேண்டிய இடத்துல முவன்னா இருக்கு.”

முதலாளி அட்டையை உற்றுப் பார்த்தார். தூர வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். “மூளைன்னுதானே இருக்கு?”

ஒற்று கட்டைவிரலை வைத்துக் காட்டினார். முதலாளி எழுந்து கதவைச் சாத்தினார்.

“விட்டுடுங்க சார். படிச்சவன் மூளைன்னு படிச்சுடுவான். படிக்காதவன் வாங்கப் போறதில்லை.”

“மடிப்பக்கா படிச்சுட்டாங்க. கண்டுபிடிச்சதே அவங்கதான், நான் இல்ல.”

“நாற்காலி விஷயம் ஞாபகம் இருக்கா?”

“நல்லா இருக்கு. மாத்திரை போட்டிருக்கேன்ல.”

வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். அட்டை மறுபடி அச்சானது. முதலாளி சொன்ன சொல் தவறாதவர். ஒற்று மறுநாளே மடிப்பு மேசைக்குப் போனார். சாஃப்ட்வேரைச் சோதனைக்கு வரவழைத்து அதே பழைய அட்டையைக் காட்டினார்கள். பிழை ஏதுமில்லை என்றது. முளை என்பதும் ஒரு சொல்தானே. அதற்கு அகராதி தெரியும். இப்படியாக, அச்சகத்திலேயே எதையும் ஊகித்துப் படிக்கத் தெரியாத ஒரே ஆள் என்ற தகுதியில், மடிப்பக்கா நாற்காலிக்கு வந்தார். ஒற்று போடுவதை மடிப்பு மேசையிலிருந்து ஒற்று சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடு.

அவர் மாத்திரையை நிறுத்தினாரா என்று கேட்பவர்களுக்கு: டப்பா தானாகத் தீர்ந்தது. மடிக்கும்போது ஓரங்கள் நேராக வருகின்றன. அது மாத்திரையாலா, பழக்கத்தாலா என்று அவரே ஓர் ஆராய்ச்சிக் கேள்வி எழுப்பி, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவருக்கு இப்போது இருக்கிற ஒரே கவலை அக்காவைப் பற்றியது. முதல் மாதம் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டவர், மூன்றாம் மாதம் கால்மணியில் முடித்தார். உதடு அசைவது நின்றுவிட்டது. நேற்று நாற்காலிப் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. ஒற்று மடித்த தாளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

“அக்கா! படிச்சுட்டா சிரிச்சீங்க?”

“ஆமா சார், இந்த மாமியார் கதை...”

“போச்சு. புரிய ஆரம்பிச்சுடுச்சு. அந்தப் பக்கத்தை மறுபடி படிங்க. கண்டிப்பா அதுல ஒரு பிழை இருக்கும்.”

“இருங்க சார், மாமியார் என்ன ஆனாள்னு பாத்துட்டு வரேன்” என்று அக்கா பக்கத்தைத் திருப்பினார்.