மலை கேட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி விடுமுறைக் காலம். மலேசியாவில், கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் பாதையில் இது நடந்தது. நான் காய்கறி லோரி ஓட்டுகிறேன். ஈப்போவில், சிலிபின் பக்கம் வீடு. விடிவதற்கு முன் கிளம்பி மேலே போய், கோஸும் கீரையும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு ஈப்போ சந்தைக்கு இறங்குவது என் வேலை.

அதுவரை எனக்கும் புத்தகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அப்பாவும் அம்மாவும் செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதி ஆனதும் நாங்கள் டவுனுக்கு வந்துவிட்டோம். படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், என் படிப்பு நின்றது. புத்தகம் என்றால் பரீட்சைக்குப் படிப்பது, பரீட்சை முடிந்ததும் பழைய பேப்பரோடு போடுவது. அவ்வளவுதான் தெரியும்.

அன்று காலையிலிருந்தே மழை. பாதி வழி இறங்கியதும் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. அடுத்த வளைவில் மண் சரிந்து பாதையை மூடிவிட்டது என்று நடந்து போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பின்னாலும் வண்டிகள் நெருக்கியடித்து நின்றதால் திருப்ப வழியில்லை. கைப்பேசிக்கு லைன் கிடைக்கவில்லை. என் லோரி மலைச்சரிவை ஒட்டி நின்றிருந்தது.

பின்னால் சற்றுத் தள்ளி இன்னொரு காய்கறி லோரி. அதை ஓட்டுகிற இளைஞனைச் சந்தையில் பார்த்துப் பழக்கம். குடையோடு இறங்கி வந்து என் கண்ணாடியைத் தட்டினான்.

"அண்ணே, இப்போதைக்கு ரோடு திறக்காதுலா. உள்ளேயே படுத்துத் தூங்குங்க. திறந்தா நான் வந்து எழுப்புறேன்."

"சரி தம்பி, ஒரு சிகரெட் பிடிச்சிட்டுப் படுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். என் லோரிக்கு முன்னால் ஒரு கார் நின்றது. அதற்கும் முன்னே, பாதை கொஞ்சம் அகலமாகும் இடத்தில், ஒரு மரத்தடியில் நின்று புகைப்பதாக எண்ணம். காரைக் கடந்தபோது உள்ளே யாரோ சத்தமாகப் பேசுவது கேட்டது. சாரல் அடிக்காத பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

ஒரு மலாய்க் குடும்பம். முன்னால் கணவன், மனைவி. பின்னால் தனியாக ஒரு சின்னப் பெண். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் பயத்தைப் போக்க அந்த அப்பா தடிமனான ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு மலாயில் வாசித்துக்கொண்டிருந்தார். கார் கூரையில் மழை அடித்த அடியில் கத்தித்தான் வாசிக்க வேண்டியிருந்தது.

நான் நின்று கேட்டேன். தூங்குகிற ஒரு மலைமேல் ஓர் ஊர். மலை விழித்துக்கொள்ளாமல் இருக்க ஊரில் ஒவ்வொரு இரவும் யாராவது ஒருவர் பாட வேண்டும். அன்றைய முறை ஒரு பெண்ணுடையது. அவளுக்கோ குரல் போய்விட்டது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அவள் மறைத்துவிடுகிறாள்.

சிகரெட்டைப் பற்ற வைக்க மறந்துவிட்டேன். அந்த மனிதர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு நகரலாம் என்று பார்த்தால், அவர் கையை நீட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"ஹுஜான், பாங். மாசுக்லா." மழையில் நிற்காதே, உள்ளே வா என்கிறார்.

என் சட்டை நனைந்திருந்தது, காலெல்லாம் சேறு. தயங்கினேன். அந்தச் சின்னப் பெண் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். ஏறி உட்கார்ந்தேன். எனக்காக அவர் சில வரிகள் பின்னால் போய் மறுபடி தொடங்கினார்.

இரவு வருகிறது. பாட்டு இல்லை. பாத்திரங்கள் தாமாக ஆடுகின்றன. அந்தப் பெண் தரையில் படுத்துக் காதை மண்ணில் வைக்கிறாள். மலை அவளோடு பேசுகிறது. "மலை அவளிடம் கேட்டது" என்று வாசித்து அவர் பக்கத்தைத் திருப்பினார்.

அந்த நேரத்தில் பின்னால் ஒரு சத்தம். இடி என்று நினைத்தேன். கார் முன்னால் தள்ளப்பட்டது. பின்கண்ணாடி முழுக்கச் சேறு. "கெலுவார்! கெலுவார்!" என்று, வெளியே போகச் சொல்லி அவர் கத்தினார். அந்தச் சின்னப் பெண்ணை நான் தூக்கிக்கொண்டேன். நால்வரும் இறங்கி அந்த அகலமான இடத்துக்கு ஓடினோம்.

திரும்பிப் பார்த்தேன். என் லோரியின் பின்பகுதி மட்டும் தெரிந்தது. முன்பகுதி இருந்த இடத்தில் மண்ணும், வேரோடு சாய்ந்த ஒரு மரமும். பாதையெல்லாம் கோஸ் உருண்டுகொண்டிருந்தது. பயம் வரவில்லை என்றால் நம்பமாட்டீர்கள். யாருடைய லோரியையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மண்மேட்டில் ஒருவன் மண்டியிட்டு வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தான். என்னைப் படுக்கச் சொன்ன அந்த இளைஞன்தான்.

"அண்ணே! அண்ணே! சத்தம் குடுங்கண்ணே!"

யார் இழுத்தும் அவன் வரவில்லை. நான் குழந்தையை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கால் புதையப் புதைய அவனிடம் போய்த் தோளைத் தொட்டேன். அவன் என் கையைத் தட்டிவிட்டுத் தோண்டினான். "தம்பி, நான் இங்கே இருக்கேன்" என்றேன். திரும்பிப் பார்த்தவன் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க உள்ள இல்லையா?"

"இல்லப்பா."

"நான்தாண்ணே படுக்கச் சொன்னேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் நகங்களில் ரத்தம். அதைப் பார்த்த பிறகுதான் அந்த மண்ணுக்கடியில் இருந்திருக்க வேண்டியவன் நான் என்று உறைத்தது.

நல்லவேளை, யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. மாலையில் மண் அள்ளும் இயந்திரம் வந்து முன்பக்கப் பாதையைத் திறந்தது. மீட்புப் படையினர் குழந்தைகள் இருந்த குடும்பங்களை முதலில் அனுப்பினார்கள். அந்த மனிதர் காரை எடுக்குமுன் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். என் காதில் விழவில்லை. நான் அவர் பெயரையும் கேட்கவில்லை, புத்தகத்தின் பெயரையும் கேட்கவில்லை. அந்த இளைஞனின் லோரியும் மண்மேட்டுக்கு மறுபக்கம் மாட்டிக்கொண்டதால் இருவரும் யாருடைய வேனிலோ ஏறிச் சிம்பாங் பூலாய் வந்து சேர்ந்தோம்.

வீட்டில் மனைவி அழுதாள், மறுநாள் கோயிலில் அர்ச்சனை செய்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் கடவுள் காப்பாற்றினார் என்றார்கள். ஆமாம் என்றேன். ஆனால் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு. மலை அந்தப் பெண்ணிடம் என்ன கேட்டது? இதை வெளியே சொல்ல முடியுமா? உயிர் தப்பி வந்தவன் பேசுகிற பேச்சா இது?

முதலாளி வேறு லோரி கொடுத்தார். மறுபடி அதே பாதையில் ஓட ஆரம்பித்தேன். ஒருநாள் சந்தை வேலை சீக்கிரம் முடிந்ததும் ஈப்போவில் ஒரு பேரங்காடிக்குள் இருந்த புத்தகக் கடைக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவை. கல்லாவில் இருந்த சீனப் பெண் தலைப்பைக் கேட்டாள். தெரியாது. எழுதியவர்? தெரியாது. "மலை பேசும்" என்றேன். அவள் கணினியில் தட்டிப் பார்த்து மலையேற்றம் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள். எனக்கு வியர்த்துவிட்டது. திரும்பிவிடலாம் என்றிருந்தேன்.

பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு பள்ளி மாணவி நின்றிருந்தாள். "அங்கிள், அதுல ஒரு பெண்ணுக்குக் குரல் போயிடுமா?" என்று மலாயில் கேட்டாள்.

"ஆமா, ஆமா!"

"அது ரெண்டாவது புத்தகம்! முதல் புத்தகம் படிக்காமலா அதுக்குப் போனீங்க?" சட்டை போடாமல் தெருவுக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"படிக்கலம்மா. ரோட்டுல ஒருத்தர் வாசிச்சார், நான் கேட்டேன்."

அதற்கு மேல் அவள் விசாரிக்கவில்லை. விறுவிறுவென்று போய் இரண்டு புத்தகங்களையும் எடுத்து வந்து என் கையில் வைத்தாள். வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்று சத்தியம் வாங்காத குறைதான்.

லோரியில் ஏறியதும் அந்தச் சொல்லை மீறினேன். இரண்டாம் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். மலை அவளிடம் கேட்டது இதைத்தான்: "நான் கொஞ்சம் புரண்டு படுக்க வேண்டும். என்மேல் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?"

கார் நிறுத்துமிடத்தில், இயந்திரத்தைக்கூட முடுக்காமல், அந்த வரியை மறுபடி மறுபடி வாசித்தேன். மண்சரிவு நடந்த அன்று வராத அழுகை அங்கே வந்தது.

பிறகு முதல் புத்தகத்திலிருந்து ஒழுங்காகப் படித்தேன். பள்ளியோடு விட்ட மலாய் மெதுவாகத் திரும்பி வந்தது. அடுத்தடுத்த பாகங்களையும் வாங்கினேன். கடைசிப் பாகம் இன்னும் வரவில்லை. படித்ததைச் சாப்பிடும்போது மனைவிக்குத் தமிழில் சொல்கிறேன். தொடர்நாடகத்தை நிறுத்திவிட்டு, "அந்தப் புள்ளைக்குக் குரல் திரும்பி வந்துச்சா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்க" என்கிறாள்.

புத்தகம்தான் உங்களைக் காப்பாற்றியது என்று அவள் எல்லோரிடமும் சொல்கிறாள். நான் அப்படிச் சொல்வதில்லை. சரிந்து வருகிற மண் எந்தக் கதையையும் பார்த்து ஒதுங்காது. ஆனால் சேற்றுக் காலோடு நின்ற முகம் தெரியாத ஒருவனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, அவனுக்காகச் சில வரிகள் பின்னால் போய் மறுபடி வாசித்த ஒரு மனிதர் இருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், நானும் யாருக்காவது அப்படிக் கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்கியிருக்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.