இரண்டு பெட்டியும் விட்டுக்கொடுத்த நாள்

போன வாரம் அக்கா மகன் புதுசாக ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கியிருந்தான். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டி, சோப்புப் பெட்டி அளவுதான். ஒயரைச் செருகினான், பச்சை விளக்கு எரிந்தது, மைக்கில் பாட ஆரம்பித்துவிட்டான். "செட்டிங் ஒண்ணும் பாக்கலியா?" என்றேன். "அதே பாத்துக்குமுங்க மாமா" என்றான். எனக்குச் சுர்ரென்று வந்தது. எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும், அதை விடுங்கள். ஆனால் பச்சை விளக்கை நம்பி நான் பட்டது அவனுக்கு எப்படித் தெரியும்?

பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். லேசான சூடு, வாசனை எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் பெட்டிகள் நாறும். சிங்காநல்லூரில் மில்லுக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ. பஞ்சுத் தூசி பறந்து வந்து பெட்டி மேல் படிந்து, சூட்டில் தீய்ந்து கொண்டே இருக்கும். ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். கீழே மோட்டார் ஒர்க்‌ஷாப், மேலே நாங்கள். ஒர்க்‌ஷாப்காரர்கள் சாப்பிடப் போகிற ஒரு மணி நேரத்தில்தான் பேச்சை ரெக்கார்ட் செய்ய முடியும்.

நானும் சுந்தரமும் கூட்டாளிகள். ஆளுக்கொரு பெட்டி. மைக் அவர் பெட்டியில், கம்ப்யூட்டர் என் பெட்டியில். நடுவில் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர். குரலை நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம் துண்டாக வெட்டி எண்ணாக மாற்றுவதுதான் இந்தப் பெட்டிகளின் வேலை. இரண்டும் ஒரே வேகத்தில் வெட்ட வேண்டும். அதற்கு ஒன்று மாஸ்டராக இருந்து தாளம் போட வேண்டும், மற்றது அதைக் கேட்டு ஓட வேண்டும். எது மாஸ்டர் என்பதுதான் எங்களுக்குள் தினமும் சண்டை.

"உங்க பெட்டியத் தாளம் போடச் சொன்னா ஓட்டை பஸ்சாட்ட இழுக்குதுங்க" என்பார் சுந்தரம். எங்கள் பக்கம் திட்டுவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். எனக்கு அதுவும் வராது. "உங்க பெட்டியத் தூக்கிக் குப்பையில போடுங்க" என்பேன். சண்டை முற்றி ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் பேசாமல் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காங்கேயத்திலிருந்து பழனிச்சாமி அண்ணன் மனைவியோடு வந்தார். எண்ணெய் மில்லில் வேலை, சட்டையெல்லாம் தேங்காயெண்ணெய் வாசம். தங்கமணி அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. திங்கட்கிழமை ஆபரேஷன், அதற்கப்புறம் பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரலைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி வந்திருந்தார்கள். பாட்டெல்லாம் கிடையாது. பேச வேண்டியதை அக்கா நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். கோழிகளைக் கூப்பிடுவது, பாத்திரக்காரனிடம் பேரம் பேசுவது, கடைசியில் "ஏனுங்க, சாப்புட வாங்க" என்பது.

ஒர்க்‌ஷாப் ஓய்ந்ததும் ஆரம்பித்தோம். இரண்டு பெட்டியிலும் பச்சை விளக்கு, தாளம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அக்கா ஒரே மூச்சில் பேசி முடித்தார். போட்டுக் கேட்டோம், நன்றாகத்தான் இருந்தது. சி.டி.யில் போட்டுக் கொடுத்தோம்.

பத்து நாள் கழித்து இரண்டு பேரும் மறுபடி வந்தார்கள். அக்காவின் கழுத்தில் கட்டு. அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க. வேற யாரு சி.டி.யவோ மாத்திக் குடுத்துப்போட்டீங்களாட்ட இருக்குதுங்க. சின்னப் புள்ள கொரலா கேக்குது."

"முன்னயே போட்டுக் கேக்கலீங்களா?" என்றேன்.

"கொரல் இருக்கறப்ப அத எதுக்குங்க போட்டுக் கேக்கோணும்? மனசு ஆகலீங்க."

சுந்தரம் என் பெட்டியின் செட்டிங்கைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. "நீங்க கோவிச்சுட்டுப் போனீங்கன்னு, காத்தால நேரத்துல வந்து என்ர பெட்டிய உங்க பெட்டி பேச்சக் கேக்கச் சொல்லி வெச்சுப்போட்டனுங்க."

நானும் அதையேதான் செய்திருந்தேன். அவருக்கு முன்னால் வந்து, ஒரு தடவையாவது அவர் பெட்டி மாஸ்டராக இருக்கட்டும் என்று என் பெட்டியை மாற்றி வைத்திருந்தேன். கௌரவம் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. தாளம் போட ஆளில்லை. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இரண்டு பெட்டியும் மெல்ல மெல்ல வேகம் குறைந்திருக்கின்றன. அதே பெட்டிகளில் அதே குறைந்த வேகத்தில் போட்டுக் கேட்டதால் எங்கள் அறையில் வித்தியாசம் தெரியவில்லை. வெளியே சரியான வேகத்தில் ஓடினால் குரல் கீச்சென்று ஏறிவிடும். அதுவும் ஆரம்பத்தில் கொஞ்சமாக, போகப்போக அதிகமாக. இத்தனைக்கும் என் வாழ்க்கையில் நான் பணிந்து போனது அந்த ஒரு தடவைதான்.

திரும்பப் பேச வைக்க முடியாது. எவ்வளவு இறக்கினால் சரி என்று அளக்க ஒரு கணக்கும் கிடையாது. வரிவரியாகக் குரலை இறக்கி இறக்கிப் போட்டேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னுங் கொஞ்சமுங்க", "இது ஆம்பள கொரலாயிருச்சுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தன் குரலை யாரோ பேசுவது போலக் கேட்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற வரி வந்தது. நாலாவது தடவை போட்டபோது அண்ணன், "வாரேன்" என்று பாதி எழுந்துவிட்டார். எழுந்தவர் அப்படியே நின்றார். நான் அதற்கு மேல் கையை வைக்கவில்லை.

அக்கா நோட்டை வாங்கி எழுதினார்: "இதுதானுங்க. போதும்."

அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அப்புறம்தான் யோசனை வந்தது. அக்கா உண்மையாகவே எழுதினாரா, நாங்கள் மூன்று பேரும் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து விட்டுக்கொடுத்தாரா? அந்த வார்த்தையை எந்தச் சுருதியில் போட்டிருந்தாலும் அண்ணன் எழுந்திருப்பாரோ? யாரையும் மூஞ்சிக்கு நேராகக் கேட்கிற நான் இதை மட்டும் கேட்கவில்லை.

ஸ்டுடியோ போய்விட்டது, அந்த மாடியில் இப்போது டியூஷன் சென்டர் நடக்கிறது. சுந்தரம் தன் மகன் வீட்டோடு போய்விட்டார். அக்காவும் அண்ணனும் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது. போட்டால் துளி பிசிறில்லாமல் ஓடுகிறது. அதில் பேசுவது தங்கமணி அக்காதானா என்று சொல்லத்தான் ஆளில்லை.