கவிதைக்கு மதிப்பெண் இல்லை

கல்லூரியில் அவளுக்கு 'அமெரிக்கா மேடம்' என்று பெயர். அமெரிக்காவை அவள் பார்த்ததில்லை. அந்த நாட்டு இலக்கியத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, மழைக்கு ஒழுகும் மாடி வகுப்பறையில் முப்பத்தோரு வருடமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். விடுதலையான அடிமைகள் எழுதிய தன்வரலாறுகள்தான் அவளுடைய ஆராய்ச்சி. பட்ட அடியை அலங்காரமில்லாமல் சொல்ல அவர்களிடம்தான் கற்றாள். நான்கு கவிதைத் தொகுப்புகள் அப்படி வந்தவை.

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது பேராசிரியர் பதவி ஒன்று காலியானது. அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. படிவத்தைப் பார்த்த எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“மேடம், கவிதைக்கு இதுல கட்டமே இல்லையே.”

“நாலு புத்தகம் சார்.”

“நாப்பது இருந்தாலும் அதே கதைதான். கட்டுரைக்குத்தான் மார்க். ஒண்ணுக்குப் பத்து.”

கட்டுரைகள் அவளிடம் இல்லாமலில்லை. ஆனால் பாதிக்கு மேல், பழைய துறைத்தலைவர் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டவை. முதல் பெயருக்கு முழு மார்க். ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதியவளுக்குக் கால் மார்க். அன்று வாயை மூடிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றும் அவளுக்குத் தன்மேல்தான் ஆத்திரம் வரும்.

“கவிதையைப் பத்திக் கட்டுரை எழுதினா?”

“அதுக்கு உண்டு. தாராளமா உண்டு.”

துறையில் அவளுடைய பக்கத்து மேசைக்காரி அதைத்தான் செய்திருந்தாள். இவளைவிடப் பத்து வயது இளையவள், வாய்க்கு வாய் 'அக்கா' என்பவள். இவளுடைய கவிதைகளைப் பற்றி மட்டும் ஆறு கட்டுரை. அறுபது மார்க். பதவி அந்த இளையவளுக்குப் போனது.

“அக்கா, எல்லாம் உங்களாலதான்.”

“அதான்டி எனக்கும் வயித்தெரிச்சல்.”

இருவரும் சிரித்தார்கள். இளையவளுக்குக் கண் கலங்கியது. அவள் கெட்டவள் இல்லை; அதனால் திட்டவும் வழியில்லை.

அந்த வாரப் பாடம், அடிமையாக இருந்த ஒருவரின் தன்வரலாறு. 'இதை இவரேதான் எழுதினார்' என்று வெள்ளைக்காரக் கனவான் ஒருவர் புத்தகத்தின் முதல் பக்கங்களில் சான்று எழுதிக் கொடுத்தபிறகே அந்த மாதிரிப் புத்தகங்களை ஊர் நம்பியது என்று விளக்கினாள்.

“முதுகுல இருக்கிற தழும்பு போதாதா மேடம்?” என்று கடைசி பெஞ்சுப் பெண் கேட்டாள்.

அவள் திரும்பிக் கரும்பலகையை அழித்தாள்.

ஐந்தாவது தொகுப்பு அச்சுக்குப் போகிற நேரத்தில் பதிப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“புதுப் பேராசிரியரம்மாகிட்ட ஒரு முன்னுரை வாங்கிடுங்க. அவங்க பேர் இருந்தாத்தான் நூலகக் குழு எடுப்பாங்க.”

“முன்னுரை வேண்டாம். அந்த ரெண்டு பக்கத்தைக் காலியா விடுங்க.”

“காலியாவா? அச்சுக்காரன் தூங்கிட்டான்னு நினைப்பாங்கம்மா.”

“நினைக்கட்டும்.”

புத்தகம் அப்படியே வந்தது. பரிந்துரை இல்லை என்று நூலகக் குழு திருப்பி அனுப்பியது. கட்டு பிரிக்காமல் துறை அலமாரியின் மேல் கிடந்தது.

ஆறு மாதம் கழித்து இளையவள் ஓர் ஆய்விதழைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். அந்த இரண்டு வெற்றுப் பக்கங்களைப் பற்றிப் பதினான்கு பக்கக் கட்டுரை.

“நல்லா வந்திருக்காக்கா?”

அவள் கடைசி வரிவரை படித்தாள். நன்றாகத்தான் வந்திருந்தது.

“பத்து மார்க்கா?” என்று கேட்டாள்.

“பத்துதான்க்கா.”