இடுப்பில் நிற்காத பெட்டி

2003 வாக்கில் கம்பத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கம்பெனியில் டிசைன் வேலை பார்த்தேன். குடமும் வாளியும் செய்துகொண்டிருந்த எங்கள் முதலாளிக்கு, திராட்சை அறுவடைக்கென்றே ஒரு பெட்டி கொண்டுவர ஆசை. கூடையில் பழம் நசுங்குகிறது என்று தோட்டக்காரர்கள் புலம்பிக்கொண்டிருந்த நேரம் அது.

நான்தான் வரைந்தேன். லாரியில் எத்தனை அடுக்கலாம், எவ்வளவு எடை தாங்கும், காற்றோட்டத்துக்கு எத்தனை ஓட்டை என்று எல்லாம் பார்த்தாயிற்று. கையாலேயே பத்துப் பெட்டி ஒட்டிச் செய்து, ஓடைப்பட்டியில் ஒரு தோட்டத்துக்குக் கொடுத்தனுப்பினோம். அங்கே ஒரு வாரம் அதில் பழம் பறிப்பதைக் கூட இருந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டியது என் பொறுப்பு.

எழுதினேன். தோட்டத்துப் பக்கமே போகாமல், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, "சோதனை முடிந்தது, குறை எதுவும் இல்லை" என்று எழுதினேன். நானே திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, எனக்குத் தெரியாததா என்ற திமிர். உண்மையில் எங்கள் தோட்டத்தில் நான் பழம் தின்றதோடு சரி, ஒரு நாளும் பறித்ததில்லை.

அறிக்கையை நம்பி, அச்சு வெட்டலாம் என்று முதலாளி கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை வரைபடத்தோடு நான் கோயம்புத்தூர் போக வேண்டும். அங்கே இரும்பில் அச்சு வெட்டத் தொடங்கிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. "மாதிரிக்கு ரெண்டு பெட்டியக் கையோட கொண்டு போயிரு" என்றார். அதை எடுக்கத்தான் ஓடைப்பட்டிக்குப் போனேன்.

பம்புசெட் ஓரத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். பறிக்க வந்த பெண்கள் என் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பழமெல்லாம் பக்கத்தில் பழைய கூடைகளில் இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஏங்க்கா, இதுல பறிக்கச் சொல்லித்தான குடுத்தோம்?"

ஒரு அக்கா கையைக் கழுவிவிட்டு வந்தார். ஒரு பெட்டியில் முக்கால்வாசி நிறையப் பழத்தைக் கொட்டி என் கையில் கொடுத்தார். "இந்தாங்க சார். அங்கன கடைசி வரிசை வரைக்கும் போய்ட்டு வாங்க, பாப்போம்."

திராட்சைக் கொடி படர்ந்த பந்தலுக்குள் நுழைந்தேன். என் உயரத்துக்குக் குனிந்துதான் நடக்க முடிந்தது. பெட்டிக்கு இரண்டு கையும் வேண்டும். தொங்கும் கொத்துகளை விலக்கக் கை இல்லை, ஒவ்வொன்றும் முகத்தில் மோதி உதிர்ந்தது. நாலாவது வரிசையில் தண்ணீர் பாய்ந்த சேற்றில் வழுக்கி, பெட்டியும் பழமுமாக விழுந்தேன்.

"ஆத்தாடி! சார் ஒரு கொத்து பாக்கி வைக்கலயே!" என்று சிரிப்பு கிளம்பியது.

அந்த அக்கா மட்டும் கூடையை இடுப்பில் வைத்துக் காட்டினார். "கூடை இங்கன ஒக்காந்துக்கிரும். ஒரு கையில புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால கொத்த ஒதுக்கிட்டுப் போவோம். ஒங்க பெட்டி இடுப்புலயே நிக்க மாட்டேங்குதே சார்."

பஸ்ஸில் திரும்பும்போது சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். வேலை போய்விடும் என்று பயம். ஆனாலும் சேறு காயாத சட்டையோடு முதலாளி முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "ஒன்னய நம்பித்தானப்பா நான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம். கோயம்புத்தூருக்கு வைத்திருந்த வரைபடத்தை மேசைக்குள் போட்டு மூடிவிட்டு, "காலையில தோட்டத்துக்குப் போ. அவுக சொல்றத எழுதிட்டு வா" என்றார்.

இடுப்பில் பொருந்தும்படி ஒரு பக்கத்தை உள்ளே வளைத்து, ஒரு கைப்பிடி வைத்து, மூன்று முறை மாற்றிச் செய்தோம். ஒவ்வொரு முறையும் அந்த அக்கா பந்தலுக்குள் தூக்கி நடந்து பார்த்தார். அவர் சரி என்ற பிறகுதான் அச்சுக்குப் போனது.

இன்று வேறு ஊரில், பெரிய கம்பெனியில் இருக்கிறேன். "சோதனை முடிந்தது" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடும்போதெல்லாம் என் கை ஒரு நொடி தயங்கும். அந்தத் தயக்கம் ஓய்வு பெறும் நாள்வரை என்னைவிட்டுப் போகக் கூடாது.