பாரில் கிழிந்த வலை

அறந்தாங்கியில் எங்கள் வீட்டு நடுச்சுவரில் ஆறு மாதம் ஒரு கிழிந்த வலை தொங்கியது. அப்பா கடைசியாகக் கடலுக்குப் போன அன்று பாரில், அதாவது கடலடிப் பாறையில், மாட்டிக் கிழிந்தது. அதை இழுக்கும்போதுதான் வாதம் வந்து அவருக்கு வலது கை விழுந்தது. கட்டுமாவடியில் இருந்த அவர் வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு அழைத்து வந்துவிட்டேன்.

பழைய சேலைகளை நாடா நாடாவாகக் கிழித்து, வலைக் கண்களுக்குள் கோத்து நெய்து சுவரில் மாட்டுவது என் தொழில். கிறுக்கு என்பாள் என் மகள். அப்பாவின் வலையையும் அப்படி நெய்தேன். நடுவில் ஆள் நுழைகிற அளவுக்கு இருந்த கிழிசலை மட்டும் தொடவில்லை. அந்தக் கிழிசல்தான் இதற்கு உயிர் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

புதுக்கோட்டையில் ஒரு கண்காட்சிக்குக் கேட்டார்கள். மேல்கயிறு நைந்திருந்ததால், கட்டுமாவடிக்குப் போய், அப்பாவோடு ஒரே படகில் போனவரிடம், எனக்கு மாமா முறை, கயிறு மாற்றக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் போய் விரித்துப் பார்த்தால் கிழிசலைக் காணோம்.

“ஓட்டை எங்க மாமா?”

“பொத்தியாச்சு ஆத்தா. கயித்த மட்டும் மாத்திக் குடுத்தா என்னைய என்னான்னு நெனைப்பாக?”

“பிரிச்சுருங்க. எனக்கு அந்த ஓட்டைதான் வேணும்.”

மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வலை பொத்துகிறவர்கள் முதலில் பிய்ந்த கண்களையெல்லாம் வெட்டி எறிவார்கள். ஓட்டையைப் பெரிதாக்கி, நல்ல கண்ணிலிருந்துதான் ஊசியைத் தொடங்குவார்கள். பிரித்தாலும் பழைய கிழிசல் திரும்பாது. மீனவர் வீட்டில் பிறந்த எனக்கு இது தெரியாததில்லை. கயிறு என்று சொன்னால் கயிற்றோடு நிறுத்திக்கொள்வார் என்று நம்பியது என் மடத்தனம். கோபத்தில் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து வலையை அப்பாவின் கட்டிலில் வீசினேன். அவர் இடது கையால் புதுக் கண்களை ஒவ்வொன்றாகத் தடவினார்.

“அவன் பொத்துனதா?”

“ஆமாப்பா. மாமா கெடுத்துட்டாரு.”

அப்பா கடைசிக் கண் வரைக்கும் தடவி முடித்தார்.

“சரி, மாட்டு. மாட்டிட்டு, கட்டில இங்கிட்டுத் திருப்பிப் போடு.”

முதன்முதலில் வலையை மாட்டிய மறுநாளே கட்டிலை ஜன்னலைப் பார்க்கத் திருப்பச் சொன்னவர் அவர். காற்றுக்காகக் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் வருகிறவர்களிடமெல்லாம் கிழிசலைக் காட்டிக் காட்டிப் பேசியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வலையை மாட்டிவிட்டு, கட்டிலைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன்.